ரெகுலர் வெர்ப்: 'இ டி' மட்டும் போட்டால் போதுமா?

கேள்வி: நெய்தல்

ரெகுலர் வெர்ப் என்றால் கடைசியில் 'இ டி' போட்டால் முடிந்தது என்கிறார்கள். ஆனால் எழுதும்போது மூன்று இடத்தில் இடிக்கிறது. 'ஸ்டாப்' இறந்தகாலத்தில் ரெண்டு 'பி' வருகிறது, 'விசிட்' மட்டும் கடைசி எழுத்தை ஏன் இரட்டிக்கவில்லை? உச்சரிப்பு 'ஆஸ்க்ட்'டா, 'ஆஸ்கெட்'டா? 'இஃப் ஹீ ஆஸ்க்ட் மீ டுமாரோ' என்பது நாளைய பேச்சு, அதில் இறந்தகாலத்துக்கு என்ன வேலை? 12 டென்ஸ் அட்டவணை கையில் இருக்கிறது. அதில் இதற்கெல்லாம் விடை இல்லை.

பதில்: பிழைதிருத்தி

அட்டவணையை ஓரமா வைங்க. ரெகுலர் வெர்புக்கு நாலே உருவம்: குக், குக்ஸ், குக்கிங், குக்ட். வி டூ (இறந்தகால உருவம்), வி த்ரீ ('ஹேவ்'க்குப் பின்னால வர்ற உருவம்) ரெண்டும் ஒண்ணுதான். மிச்சத்தையெல்லாம் முன்னாடி நிக்கிற துணைவினை பார்த்துக்கும். 'வில், கேன், மஸ்ட்' வந்தா வெறும் 'குக்'. 'ஹேவ், ஹேஸ், ஹேட்' வந்தா 'குக்ட்'. 'இஸ், வாஸ்' வந்தா, சமைக்கிறவர் எழுவாய்னா 'குக்கிங்', சமைக்கப்படுறது எழுவாய்னா 'குக்ட்'. 'டிட் நாட் குக்ட்' தப்பு, ஏன்னா காலத்தை 'டிட்' சுமந்தாச்சு. ரெண்டாவது தடவை வேண்டாம்.

இப்போ இரட்டிப்பு. கடைசி மூணு எழுத்தைப் பாருங்க: மெய், ஒரே உயிர், மெய்னு இருக்கணும். அதோட சொல்லின் அழுத்தம் கடைசி அசையில் விழணும். ரெண்டும் பொருந்தினாத்தான் இரட்டிக்கும். 'ஸ்டாப்' ஓரசைச் சொல், பொருந்துது. 'விசிட்'டில் அழுத்தம் முதல் அசையில், அதனால இல்லை. 'ப்ரிஃபர்' கடைசியில் அழுந்தும், ரெண்டு 'ஆர்'. 'ஆஃபர்' முதலில் அழுந்தும், ஒரே 'ஆர்'. 'அட்மிட்' இரட்டிக்கும், 'எடிட்' இரட்டிக்காது. 'குக்'கில் ரெண்டு உயிர் எழுத்து இருக்கு, அதனால அதுவும் இல்லை.

இது சும்மா வச்ச விதி இல்லை. 'ஹாப்'னா ஒற்றைக்காலில் குதிக்கிறது, 'ஹோப்'னா நம்புறது. 'ஹாப்'புக்கு ஒரு 'பி'யோட 'இ டி' போட்டா எழுத்தில் ரெண்டும் ஒண்ணாயிடும், படிக்கிறவர் 'ஹோப்ட்'னுதான் படிப்பார். குறில் ஓசையைக் காப்பாத்தத்தான் ரெண்டாவது 'பி'. 'பேனிக்'கில் 'கே' ஒண்ணு நுழையுறதும் அதே மாதிரிதான்: 'சி'க்குப் பின்னால 'இ' வந்தா 'ஸ'ன்னு ஒலிச்சிடும்.

டபிள்யூ, எக்ஸ், ஒய் இரட்டிக்காது. 'ஸ்டடி'யில் ஒய்க்கு முன் மெய், அதனால 'ஐ' ஆகும். 'ப்ளே'யில் முன்னாடி உயிர், அதனால அப்படியே நிக்கும். 'ட்ராவல்' மட்டும் அடங்காது: அழுத்தம் முதலில் இருந்தும் பிரிட்டிஷ் வழக்கில் ரெண்டு 'எல்', அமெரிக்காவில் ஒண்ணு. நம்ம ஊர் தேர்வுக்கு ரெண்டே போடுங்க.

பதில்: கூழாங்கல்

'ஆஸ்கெட்' தவறு. 'இ டி' தனி அசையாக ஒலிப்பது, வினை 'டேபிள்' அல்லது 'டாக்டர்' சொல்லின் முதல் ஒலியில் முடியும்போது மட்டும்தான்: வாண்டட், நீடட். (தமிழில் எழுதினால் இரண்டும் 'ட'தான், என்ன செய்ய.) மற்றபடி தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள். கடைசி ஒலியில் அதிர்வு இல்லையென்றால் டேபிள் ஒலி: குக்ட், வாஷ்ட், ஸ்டாப்ட். அதிர்வு இருந்தால் டாக்டர் ஒலி: கால்ட், ப்ளேய்ட், ரப்ட். எழுத்தைப் பார்க்காதீர்கள், ஓசையைப் பாருங்கள். 'லாஃப்' எழுத்தில் 'ஜி ஹெச்', காதில் 'ஃப்', ஆகவே 'லாஃப்ட்'.

தமிழ்ச் சொல் இப்படி வல்லின மெய்கள் அடுக்கி முடிவதில்லை. நாக்கு தானாக நடுவில் ஓர் உயிரைச் செருகுகிறது. அடுத்த சொல் உயிரில் தொடங்கும் வாக்கியங்களில் பழகினால் சீக்கிரம் சரியாகும், ஏனென்றால் கடைசி மெய் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும்: 'ஸ்டாப்ட் இட்' என்பது 'ஸ்டாப் டிட்' என்றே ஒலிக்கும். 'விக்கட்', 'நேக்கட்' என்று உதாரணம் காட்டாதீர்கள். அவை பெயரடைகள், வினையின் இறந்தகாலம் அல்ல.

பதில்: மறுகரை

மூன்றாவது கேள்விதான் சுவையானது. 'கேட்டால்' என்கிறோமே, அதில் இருப்பது எந்தக் காலம்? 'கேட்ட்' என்ற இறந்தகால அடி. 'வந்தால்', 'பேசினால்' எல்லாமே அப்படித்தான். நாளைய நிபந்தனைக்கு இறந்தகால உருவம் தமிழனுக்குப் புதிதல்ல.

சிக்கல் வேறிடத்தில். தமிழில் 'கேட்டால் உதவுவேன்' ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். ஆங்கிலம் அதை இரண்டாகப் பிரிக்கிறது. கேட்க வாய்ப்பு உண்டு என்றால் 'இஃப் ஹீ ஆஸ்க்ஸ், ஐ வில் ஹெல்ப்'. அவராவது கேட்பதாவது என்ற தொனி என்றால் 'இஃப் ஹீ ஆஸ்க்ட், ஐ வுட் ஹெல்ப்'. நிபந்தனைப் பாதியில் 'வில்', 'வுட்' நுழைப்பதுதான் வழக்கமான பிழை. நடக்காமல் போனதற்குத் தமிழே வழிகாட்டும்: 'கேட்டிருந்தால்' அப்படியே 'ஹேட் ஆஸ்க்ட்', 'உதவியிருப்பேன்' அப்படியே 'வுட் ஹேவ் ஹெல்ப்ட்'.

ஆனால் எல்லா 'இரு'வையும் இப்படி மாற்றிவிடாதீர்கள். 'நேற்றே பேசியிருக்கிறேன்' தமிழில் சரி. ஆங்கிலத்தில் 'யெஸ்டர்டே' வந்தால் 'ஹேவ்' கூடாது, 'டாக்ட்' மட்டும்தான். '2019லிருந்து வேலை பார்க்கிறேன்' இதற்கு நேர்மாறு: நமக்கு நிகழ்காலம், அங்கே 'ஹேவ் பீன் வொர்க்கிங் சின்ஸ் 2019'.

நெய்தல்

நன்றி. 'தி டாக்டர் இன்சிஸ்டட் தட் ஹீ வாக் டெய்லி' என்று ஒரு வாக்கியம் பார்த்தேன். 'வாக்ஸ்' இல்லை, 'வாக்ட்'டும் இல்லை. அச்சுப்பிழையா?

மறுகரை

பிழையில்லை. 'இன்சிஸ்ட், டிமாண்ட், ரெகமெண்ட், சஜஸ்ட்' போன்றவற்றுக்குப் பின் ஒருவர் இன்னது செய்யவேண்டும் என்று வந்தால் வினை வெறுமனே நிற்கும், யாராக இருந்தாலும், எந்தக் காலமானாலும். எதிர்மறைக்கு 'டூ' வராது: 'தட் ஹீ நாட் வாக்'. 'வாக்ட்' என்று போட்டால், அவர் தினமும் நடந்தார் என்று டாக்டர் அடித்துச் சொன்னதாகப் பொருள் மாறிவிடும்.

பிழைதிருத்தி

ஒரு திருத்தம்: பிரிட்டிஷ் வழக்கில் 'ஷுட் வாக்'னும் நிறைய வரும். தேர்வில் ரெண்டில் எதை எழுதினாலும் சரி, 'வாக்ஸ்' மட்டும் வேண்டாம்.