புதுப்பிப்பு: அக்கா மகளுக்குக் காது சோதனை முடிந்தது

முன்பு கேட்டிருந்தேன்: கைக்குழந்தையாக இருந்தபோது பாக்டீரியா மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்த பிள்ளை, இப்போது மூன்றாம் வகுப்பு. "கூப்பிட்டா திரும்பமாட்டா, கவனமே இல்லை" என்று டீச்சர் சொல்கிறார், பழைய காய்ச்சலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று.

உண்டு. நாகர்கோவிலில் சோதித்ததில் இடது காது சுத்தமாகக் கேட்கவில்லை. வலது நன்றாக இருக்கிறது. வீட்டில் பேச்சு தெளிவாக வந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

டாக்டர் சொன்னதில் முக்கியமானது இது. கிருமித்தொற்று உட்செவியில் நத்தை வடிவில் இருக்கும் எலும்புக் குழாய்க்குள் பரவி நரம்பணுக்களைக் கெடுக்கும். பிறகு அந்தக் குழாய்க்குள்ளேயே எலும்பு வளர்ந்து அடைத்துவிடலாம். அடைத்துவிட்டால் காக்ளியர் கருவி (கேட்க உதவ, அறுவை செய்து உட்செவிக்குள் வைக்கும் கருவி) பொருத்துவது கடினம். அதனால்தான் டிஸ்சார்ஜ் ஆகி நான்கு வாரத்துக்குள் காது சோதனை செய்யச் சொல்கிறார்கள். குழந்தை சிரிக்கிறது, தவழ்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.

கவனக்குறைவு முழுக்கக் காதால் மட்டும் என்று சொல்லிவிட முடியாதாம். நினைவில் வைத்துக் கணக்குப் போடுவதில் சிரமம், வலிப்பு போன்றவை வருடங்கள் கழித்தும் தலைகாட்டலாம். அந்த மதிப்பீடு இனிமேல்தான். இப்போதைக்கு முன்வரிசையில், வலது காது டீச்சர் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்திருக்கிறோம்.

வேளிமலை முருகனுக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னவர்களுக்கு: அதுவும் ஆச்சு, அம்மா விடமாட்டாங்க.

அவள் பிறந்தபோது இங்கே அரசு அட்டவணையில் நியூமோகாக்கல் தடுப்பூசி (மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றைத் தடுப்பது) கிடையாது. தமிழ்நாட்டில் 2021-இல்தான் வந்தது. அவள் தம்பிக்குப் போட்டாச்சு.

மார்த்தாண்டம், தக்கலை பக்கம் நல்ல சிறப்புக் கல்வி ஆசிரியர் தெரிந்தால் சொல்லுங்க.