சுங்கை சிப்புட் பக்கம் பிள்ளை குளிப்பாட்ட, பத்தியம் சமைக்க ஆள் தெரியுமா?

வணக்கம் அக்காமார்களே. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஒன்பதாம் மாதம், தலைப்பிள்ளை. வீட்டுக்காரருக்குச் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை, அம்மா ஜொகூரில் படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியை விட்டு வர முடியாது, மாமியாருக்கோ முட்டிவலி, தரையில் உட்காரவே முடியவில்லை.

இந்த வாரம் தலை சுற்றுகிறது. செவ்வாய் பிங்க் புத்தகத்தோடு (கர்ப்பகாலப் பரிசோதனைப் பதிவுப் புத்தகம்) கிளினிக், அப்புறம் மாணவர்களின் வகுப்புசார் மதிப்பீட்டை முடித்துக் கொடுக்க வேண்டும், ஞாயிறு வளைகாப்பு. பிரசவ விடுப்பு 90 நாள் இருக்கிறது, ஆனால் முதல் நாற்பது நாளை நினைத்தால்தான் பயம்.

காலையில் வந்து பிள்ளையைக் குளிப்பாட்டி, எனக்குப் பூண்டுக் குழம்பு, மிளகு ரசம் என்று பத்தியம் சமைத்து வைக்கிற அனுபவமுள்ள அம்மா யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று, பிள்ளை வாயில் தேன் தடவக் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் போட்டுலிசம் என்ற கடுமையான நச்சுநோய் வரலாம், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

இப்போது நாளுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள், சாப்பாடு, போக்குவரத்து தனியா? பழைய ஸ்பிரிங் தொட்டில் நல்ல நிலையில் யாரிடமாவது இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன். தெரிந்தவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள், பள்ளி முடிந்ததும் நானே அழைக்கிறேன்.