அப்பாவின் இருதய சிகிச்சை: ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே. அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் அப்பா 36 வருடம் கவ்வாத்து வெட்டியவர், அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் வேலை. இப்போது எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறும் பன்னிரண்டு படியில் இரண்டு தடவை உட்கார்ந்து, நெஞ்சைத் தடவிவிட்டுத்தான் எழும்புகிறார். அரசாங்க ஆஸ்பத்திரியில் அஞ்சியோகிராமுக்கு (இருதய இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) திகதி ஐந்து மாதம் கழித்துத்தான். அவசரமென்றால் வெளியே தனியாரில் செய்யச் சொல்கிறார்கள். அப்பாவின் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசு தங்கச்சி கல்யாணத்தோடு முடிந்துவிட்டது.

2025இலிருந்து, சிகிச்சைச் செலவுக்கு உதவும் ஜனாதிபதி நிதியத்துக்குக் கொழும்புக்கு அலையாமல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், நல்ல விஷயம். படிவம் எடுத்துவிட்டேன். சமீபத்தில் போட்டவர்கள் சொல்லுங்கள்: கடன் வாங்கி முதலில் செய்துவிட்டால் உதவி கிடைக்காமல் போகுமா? பதில் வர எத்தனை நாளானது? தனியார் ஆஸ்பத்திரி மதிப்பீட்டுக் கடிதம் எப்படி வாங்கினீர்கள்? இன்பொக்ஸில் எழுதினாலும் சரி. ஐந்து மாதம் என்று அப்பாவிடம் சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை.