பெரிய வீட்டு உறவுகள்: தீபா வளைகாப்புக்குத் தாம்பூலம்

காயத்ரி: வளைகாப்புக்குத் தாம்பூலப் பை இன்னும் வாங்கவில்லை. எம்.சி. ரோட்டில் துணிப்பை கேட்டேன். விலை சொன்னதும் திரும்பிவிட்டேன்.

சுரேஷ்: பிளாஸ்டிக் டப்பா?

காயத்ரி: காதுகுத்துக்குக் கொடுத்த டப்பாவை இன்றுவரை யாராலும் மூட முடியவில்லை.

சுரேஷ்: அதை வாங்கியது நான் இல்லை.

ரேவதி: 🙄

பெரியம்மா: ஒயர் கூடை பின்னித் தருகிறேன். எத்தனை பேர்?

காயத்ரி: 75. உங்கள் கைவலி?

பெரியம்மா: சும்மா இருந்தால்தான் வலிக்கிறது.

தீபா: பெரியம்மா, சிவன் கண் முடிச்சு! பச்சையும் மஞ்சளும்!

பெரியம்மா: 75-ம் சிவன் கண் என்றால் உன் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். ஊருக்கெல்லாம் சாதா முடிச்சு. உனக்கு மட்டும் நெல்லிக்காய் முடிச்சு.

சித்தப்பா: நூலும் பின்னலும் நம் வட சென்னை ரத்தத்தில் ஊறியவை. பெரம்பூரில் பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் 1920-இல் இணைந்தன. அதற்கு முன்பே 1918-இல், அந்தத் தொழிலாளர்களைக் கொண்டுதான் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. முதல் தலைவர் பி.பி. வாடியா. திரு.வி.க.வும் உடன் நின்றார். 1921 வேலைநிறுத்தம் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

சுரேஷ்: சித்தப்பா, கூடை.

சித்தப்பா: அதற்குத்தான் வருகிறேன். அண்ணனும் அங்கே தறியில் நின்றவர்தான்.

பெரியம்மா: ஆலை மூடிய பிறகு உங்கள் அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒருநாள் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்து, ஒயரை அளந்து நறுக்கச் சொன்னேன். நறுக்கினார். பிறகு அடிப்பாகம் போடக் கற்றுக்கொண்டார். மூலை திருப்பும் இடத்தில் என்னைவிட அவர் இறுக்குவார். அதனால்தான் அவர் கூடை கோணாமல் நிற்கும். ஒயரை எடுத்துவிட்டால் மனத்தில் வேறெதுவும் ஓடாது, வாயும் தானாக மூடிக்கொள்ளும்.

சுரேஷ்: சித்தப்பாவுக்கு இரண்டு ரோல் ஒயர் கொடுங்கள்.

தீபா: 😂😂

சித்தப்பா: பார்த்தேன்.

ரேவதி: எனக்கும் குரோஷா ஊசியை எடுத்தால் அப்படித்தான், அத்தை. அலுவலகத்தில் கேட்டதெல்லாம் மறந்துவிடும். குழந்தைக்குப் பருத்தி நூலில் தொப்பி போடுகிறேன். உல்லன் இந்த வெயிலுக்கு வேர்க்கும்.

பெரியம்மா: குரோஷா சுகமான வேலை. தப்பினால் நூலை இழுத்தால் போதும், அவிழ்ந்துவிடும். ஒயரில் ஒவ்வொரு முடிச்சாகத் தளர்த்த வேண்டும்.

ரேவதி: அவிழும், ஆனால் இரண்டு மணி நேர வேலை போய்விடுமே.

பெரியம்மா: உன் கல்யாணத்துக்கு நான் பின்னிய கூடை எங்கே?

ரேவதி: வெங்காயம் போட்டிருக்கிறேன்.

பெரியம்மா: நல்லது. காற்றோட்டமாக இருக்கும். பரணில் போட்டிருந்தால்தான் கேட்டிருப்பேன்.

காயத்ரி: என் கூடை பரணில் இல்லை.

பெரியம்மா: உன்னைக் கேட்டேனா?

சுரேஷ்: சாப்பாடு யார் பொறுப்பு?

சித்தப்பா: கலந்த சாதம் ஏழு வகை வேண்டும். எலுமிச்சை, புளி, தேங்காய்…

காயத்ரி: முதலில் கூடை முடியட்டும். எத்தனை ரோல் வாங்குவது?

பெரியம்மா: சுரேஷ் பாரிமுனைக்குப் போனால் கடையில் நின்று வீடியோ காலில் நிறத்தைக் காட்டச் சொல். மடித்தால் வெள்ளைக் கோடு விழுகிற ஒயர் வேண்டாம்.

காயத்ரி: எத்தனை ரோல் என்று கேட்டேன்.

சுரேஷ்: சனிக்கிழமை போகிறேன்.

ரேவதி: எந்தச் சனிக்கிழமை?