கணவர் இறந்தபின் மாமனார் வீட்டில் குழந்தையைத் தர மறுத்தால்?

கேள்வி:
கணவர் இறந்து 3 மாதம். 5 வயது மகனை மாமனார், மாமியார் தங்களிடமே வைத்துக்கொண்டு தாயிடம் அனுப்ப மறுக்கிறார்கள். காவல் நிலையத்தில் சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்துக் குடும்பம். தாய் முதலில் கார்டியன் ஆர்டர் வாங்க வேண்டுமா? கணவர் பெயரில் உள்ள வீட்டை விற்கலாமா?

பதில் 1:
ஆர்டர் தேவையில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் பிரிவு 6-ன்படி தந்தைக்குப் பின் தாயே இயற்கைக் காப்பாளர். 'என்னைக் கார்டியனாக நியமியுங்கள்' என்று மனுப் போட்டு மாதங்களை வீணாக்க வேண்டாம். போட வேண்டியது 1890-ஆம் ஆண்டு கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம் பிரிவு 25-ல், குழந்தையைத் திரும்ப ஒப்படைக்கக் கோரும் மனு. கூடவே பிரிவு 12-ல் இடைக்கால மனுவும் போடுங்கள். குறைந்தது குழந்தையைப் பார்க்கவாவது உத்தரவு கிடைக்கும்.

குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் குடும்ப நீதிமன்றத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும். இதில் தவறினால் அதிகார வரம்பு இல்லை என்று மனு திரும்பிவிடும். தாமதம் அதைவிட ஆபத்து. குழந்தை அங்கேயே பள்ளியில் சேர்ந்து பழகிவிட்டால், 'நலன்' என்ற வாதம் தாத்தா பாட்டி பக்கம் சாயும். நீதிமன்றம் கடைசியில் பார்ப்பது நலனைத்தான், உரிமையை மட்டும் அல்ல. அதனால் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களோடு தாயின் வருமானம், வீடு, அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையை யார் பார்ப்பார்கள் என்பதையும் மனுவிலேயே எழுதுங்கள்.

பதில் 2:
உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் (சட்டவிரோதமாக வைத்திருப்பவரை நீதிமன்றத்தில் கொண்டுவரக் கோரும் மனு) போடலாம். தாய் இறந்து, தாய்வழி உறவினர்களிடம் இருந்த குழந்தையைத் தந்தையிடம் ஒப்படைத்த உத்தரவை 2019-ல் உச்ச நீதிமன்றம் இந்த வழியில்தான் உறுதிசெய்தது. ஆனால் தாயின் தகுதி பற்றி விரிவான சாட்சிய விசாரணை தேவைப்பட்டால் குடும்ப நீதிமன்றத்துக்கே அனுப்பிவிடுவார்கள். இன்னொன்று: தாய் மறுமணம் செய்தால் காப்பாளர் உரிமை போய்விடும் என்று மிரட்டுவார்கள். போகாது.

பதில் 3:
வீடு பற்றி: அது கணவரின் சொந்தச் சம்பாத்தியம், உயில் இல்லை என்றால் மனைவி, மகன், கணவரின் தாய் மூவருக்கும் சம பங்கு. மாமனாருக்குப் பங்கு கிடையாது. மகனின் பங்கை விற்க இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் பிரிவு 8-ன்படி நீதிமன்ற முன் அனுமதி கட்டாயம். அனுமதியில்லாத விற்பனையை, 18 வயதான பின் 3 ஆண்டுக்குள் மகன் ரத்து செய்யக் கோரலாம். விவரம் தெரிந்தவர்கள் அப்படிப்பட்ட பத்திரத்தை வாங்கவே மாட்டார்கள்.