கனடா போகிற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு: முதல் குளிர்காலத்திலேயே ஐஸ் ஹாக்கி பார்க்கப் பழகுங்கள்

விடுமுறைக்குக் காரைக்குடி வந்திருக்கிறேன். இந்த வாரம் மட்டும் மூன்று வீட்டில் கூப்பிட்டு விசாரித்தார்கள். மூன்று வீட்டிலிருந்தும் பிள்ளைகள் டொராண்டோ பக்கம் போகிறார்கள். வாடகை, ஸ்வெட்டர், அரிசி எங்கே கிடைக்கும் என்பதற்கெல்லாம் பதில் சொல்லப் பலர் இருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லாமல் விட்டது ஹாக்கி. வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம் முழுக்க, மதியச் சாப்பாட்டு மேசையில் முந்தின இரவு ஆட்டத்தைப் பற்றியே பேச்சு நடக்கும். ஒரு வார்த்தை புரியாமல் உட்கார்ந்திருப்பேன். அது உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

அங்கே ஹாக்கி என்றாலே ஐஸ் ஹாக்கிதான். கோவில்பட்டியில் ஆடுகிறார்களே, அதை ஃபீல்டு ஹாக்கி என்று சொல்ல வேண்டும். ஐஸில் ஒரு அணிக்கு ஆறு பேர்: கோல் காக்கிறவர் ஒருவர், தடுப்பாட்டக்காரர் இரண்டு பேர், முன்னால் மூன்று பேர். இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதி. பந்துக்குப் பதில் பக் என்கிற ரப்பர் வட்டு. மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிமன். துள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும் என்று ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைக்கிறார்கள்.

புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறுவது ஆஃப்சைடு விதியில். நேற்று அக்கா மகனுக்கு வளவில் ஆத்தங்குடிக் கல் மேல் கேரம் ஸ்ட்ரைக்கரைத் தள்ளித் தள்ளிக் காட்டினேன். நம்ம வீடு முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று போகிற மாதிரி, இரண்டு நீலக்கோடுகள் தளத்தை மூன்று கட்டாகப் பிரிக்கின்றன. எதிரணி கோல் இருக்கிற கட்டுக்குள் நிலைவாசல் மாதிரி இருக்கிற நீலக்கோட்டைப் பக்தான் முதலில் தாண்ட வேண்டும், ஆள் அப்புறம். பக்குக்கு முன்னால் தாக்குகிற அணியில் ஒருவர் உள்ளே போய் நின்று, அந்த அணி பக்கைத் தொட்டு ஆடினால் விசில்தான். பையனுக்கு உடனே பிடிபட்டது. ஐசிங் இன்னும் எளிது. நெருக்கடியில் தன் பாதியிலிருந்தே பக்கை எதிர்முனைக் கோல் கோட்டைத் தாண்டி அடித்துவிட்டால், ஆட்டத்தை நிறுத்தி, அடித்தவர்கள் பக்கமே திரும்பக் கொண்டுவருவார்கள்.

தப்புச் செய்தவர் தனிப்பெட்டியில் இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். அதுவரை அவர் அணி ஒரு ஆள் குறைவாக ஆடும். எதிரணிக்கு இதுதான் பவர்பிளே, கிரிக்கெட்டில் கேட்டது வேறு. அந்த நேரத்தில் எதிரணி கோல் போட்டால் உட்கார்ந்தவர் வெளியே வந்துவிடலாம். சண்டை போட்டால் ஐந்து நிமிடம். கைகலப்பைப் பார்த்து முதல்முறை பதறுவீர்கள், எனக்கும் அப்படித்தான் இருந்தது. பக் வைத்திருப்பவரை உடம்பால் மோதலாம். பின்னாலிருந்து, தளத்தைச் சுற்றியிருக்கிற பலகையில் தள்ளுவதும் தலையைக் குறிவைப்பதும் குற்றம்.

பக் கண்ணில் படவில்லை என்று கவலைப்படாதீர்கள். முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு ஆட்டக்காரரை மட்டும் பாருங்கள். முக்கால் நிமிடத்தில் அவர் மூச்சு வாங்க வெளியேறுவார், ஆட்டம் நிற்காமலே இன்னொருவர் குதித்து இறங்குவார். அந்த மாற்றம் கண்ணுக்குப் பழகினால் மிச்சம் தானாக வரும்.

சரி, பேச்சுக்கு என்ன வேண்டும்? அங்கே தொழில்முறை ஹாக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பை 1892இல் கனடாவின் கவர்னர் ஜெனரல் கொடுத்தது. மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அதை 24 முறை வென்றிருக்கிறது. டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் 13 முறை வென்றது, கடைசியாக 1967இல். அந்த வருஷத்தைச் சொல்லிப் பாருங்கள், பக்கத்து மேசைப் பெரியவர் அரை மணி நேரம் மனம்விட்டுப் பேசுவார்.

லீஃப்ஸ் டிக்கெட் விலை அதிகம். முதலில் உங்கள் பேட்டை ரிங்கில், அதாவது ஐஸ் தளத்தில், சின்னப் பிள்ளைகள் ஆடுவதைப் போய்ப் பாருங்கள். கண்ணாடிக்குப் பக்கத்திலேயே நிற்கலாம், பக் பலகையில் மோதுகிற சத்தம் நெஞ்சில் விழும். உள்ளேயும் குளிரும், கம்பளிப் போர்வை எடுத்துப் போங்கள். 2024 ஜனவரியில் தொடங்கிய பெண்கள் லீக்கும் இருக்கிறது. பெண் குழந்தை வைத்திருப்பவர்கள் கட்டாயம் கூட்டிப் போங்கள், வேகமும் நுட்பமும் அப்படி இருக்கும்.

பிறகு சேர்த்தது: பள்ளத்தூரிலிருந்து ஒரு ஆச்சி, பேரனைச் சேர்த்தால் அடிபடாதா என்று கேட்டிருந்தார். ஆச்சி, 13 வயதுக்குக் கீழே உடம்பால் மோதி ஆட அனுமதியே இல்லை. முகத்தை மூடுகிற கம்பிவலையோடு ஹெல்மெட்டும், கழுத்துக் காப்பும் கட்டாயம். முதலில் ஸ்கேட்டிங் வகுப்பில் மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். டொராண்டோ நகராட்சியின் திறந்தவெளி ரிங்குகளில் சும்மா சறுக்கக் கட்டணம் கிடையாது. ஹாக்கி ஸ்கேட் ஷூ அளவைவிட ஒன்று, ஒன்றரை அளவு குறைவாக இருக்க வேண்டும், பெரிதாக வாங்கினால் கணுக்கால் ஆடும். வளர்கிற பிள்ளை என்பதால் பழையதே போதும், பிளேடை மட்டும் தீட்டி வாங்கச் சொல்லுங்கள்.