கைபர் கணவாய்ப் படங்களைப் பிரித்தெடுக்க உதவி தேவை

மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையிலிருந்த தாத்தாவின் ஆல்பம் சென்ற ஐப்பசி மழையில் நனைந்து, 30 கறுப்பு வெள்ளைப் படங்களும் தாளோடு ஒட்டிவிட்டன. ஊர் வேலூர். படங்களில் கைபர் கணவாய் வாயிலிலுள்ள ஜம்ருத் கோட்டை வாசல், கூடாரங்கள், கோவேறு கழுதைகள், கணவாய்க்குள் உள்ள லண்டி கோத்தல் ஊரின் ரயில். கைபர் பாதையில் ரயில் வந்தது 1925-இல் என்பதால், அதற்குப் பிந்தையவை.

ஓரங்களில் வெள்ளி மினுமினுப்பு, பூஞ்சை இல்லை. முன்பக்கத்தை ஸ்கேன் செய்துவிட்டேன். பல்லிடுக்கு நூலை நுழைத்து இழுத்ததில் இரண்டு படங்கள் வந்தன. பின்னால் மசியில் பெயர்கள்! மூன்றாவது கிழிந்தது, அதுவும் தாத்தா நின்ற மூலை. அத்தோடு நிறுத்திவிட்டேன். வெந்நீர் ஆவி காட்டச் சொன்னார் ஸ்டுடியோக்காரர். மசி கலைந்துவிடுமே என்று துணியவில்லை.

பின்பக்க எழுத்து அழியாமல் மற்ற படங்களை எடுப்பது எப்படி?